ஸ்னோ மிஸ்ஸின் இலவம்பஞ்சு

என் ஆயுளில் இதுவரை நான் பட்ட வெட்கங்களையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டினால், அதில் முக்கால்வாசி ஸ்னோ மிஸ்ஸால் வந்ததாக இருக்கும். மிச்சக் கால்வாசி என் கல்யாணத்துக்கு முந்தியது. அப்போது எனக்கு அவரைத் தெரியாது.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரை ரயில் பாதைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். கீழே கார் விடுவதற்கென்று கட்டிய இடத்தில் ஸ்னோ மிஸ் ஒரு நேர்சரி நடத்தினார். கொட்டாஞ்சேனைக்காரர். ஐம்பதைத் தாண்டிய வயது, பூப்போட்ட கவுன், மூன்றாம் மாடிவரை கேட்கும் குரல். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒழுங்கையில் யாருக்கும் தெரிந்திருக்கும் என்றும் நான் நினைக்கவில்லை.

தொண்ணூறுகளின் வெள்ளவத்தையைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பாதிப் பேர் லொட்ஜுகளிலும் ஃபிளட்டுகளிலும் விசாவுக்குக் காத்திருந்தார்கள். மிஸ்ஸின் நேர்சரியில் படித்த பிள்ளைகளில் அநேகமானவர்களுக்கு அப்பா கனடாவில், லண்டனில், சுவிஸில். அம்மாமார் கட்டிலுக்குக் கீழே சூட்கேஸை அடுக்கி வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் போகிறோம், அடுத்த மாதம் போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மற்ற நேர்சரிகளில் ஏ, பி, சி சொல்லிக் கொடுத்தார்கள். ஸ்னோ மிஸ் குளிர்காலம் சொல்லிக் கொடுத்தார். ஒரு தாய் துணிந்து காரணம் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் மேலே எங்கள் சமையலறை வரைக்கும் கேட்டது.

"ஏபிசிய அங்க போயிப் படிக்கலாம். அங்க வெள்ளைக்காரப் புள்ளைங்க எல்லாம் ஸ்னோல இறங்கி வெளையாடுற நேரம் நம்ம புள்ள மட்டும் ஒண்ணும் தெரியாம கதவோரமா வெக்கப்பட்டு நிக்கணுமா? சொல்லுங்க பாப்பம்!"

இதில் ஒரேயொரு சிக்கல் இருந்தது. மிஸ் ஸ்னோவைக் கண்ணால் கண்டதில்லை. கொட்டாஞ்சேனையில் நத்தாருக்குப் பாலன் குடில் கட்டுகிறவர்கள் மாட்டுத் தொழுவத்தின் கூரைமேல் கட்டாயம் இலவம்பஞ்சு போடுவார்கள். மிஸ் சிறுவயதிலிருந்தே அந்தப் பஞ்சு போடும் வேலையில் இருந்தவர். அதுவும் கிறிஸ்மஸ் கார்ட்டுகளும்தான் அவருடைய படிப்பு. ஒருமுறை குளிரைப் பழகுவதற்கென்றே நுவரெலியாவுக்குப் போய், தாங்கமுடியாமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டார். நேர்சரியில் ஃபானை ஒன்றாம் நம்பரில் போட்டால்கூட தலையில் சால்வை சுற்றிக்கொள்வார். கனடாவில் இருந்த தம்பி கூப்பிட்டபோதும், "எனக்குக் குளிர் ஒத்துக்காதுடா" என்று டெலிபோனில் கத்தினார். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அதைச் சொன்னதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

அவர் முதலில் செய்வித்த ஸ்னோ தேங்காய்ப்பூ. காட்போட் வீடு செய்து, கூரைக்குக் கம் பூசி, மேலே தேங்காய்ப்பூவைத் தூவச் சொன்னார். பிள்ளைகள் கூரைக்கு ஒரு கிள்ளு, வாய்க்கு ஒரு கை என்று தூவின. மிஞ்சியது பின்னேரத்துக்குள் புளித்து, எறும்பு ஊர்வலம் வந்தது. மிஸ் அசரவில்லை. "நல்லதாப் போச்சி. ஸ்னோ நெலைக்காது, கரைஞ்சி போயிரும்னு புள்ளைங்க தெரிஞ்சிக்கிச்சி" என்றார்.

அடுத்தது சவ்வரிசி. அதைத் தின்னமுடியாது என்பதால் பிள்ளைகள் மூக்குக்குள் போட்டன. என் மகள் மதுவுக்கு அப்போது நான்கு வயது. அவளுடைய மூக்கில் ஏறியதை எடுக்க ஒழுங்கை முனை டொக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். காத்திருந்த நோயாளிகள் எல்லோருக்கும் கேட்கும்படி டொக்டர் கேட்டார்: "இது எப்பிடி மூக்குக்குள்ள போனது?"

நான் தரையைப் பார்த்தேன். மது பேசினாள். "ஸ்னோ பெய்தது டொக்டர்."

அதற்குப் பிறகு காய்ச்சலென்றாலும் நான் அந்த டொக்டரிடம் போகாமல் பாமஸியில் பனடோல் வாங்கிச் சமாளித்தேன்.

கடதாசி ஸ்னோவும் வெட்டினார்கள். கடதாசியை மடித்து, மூலையை வெட்டி, விரித்தால் பூப்போல வருமே, அது. கடதாசிக்கு மிஸ் காசு செலவழிப்பவர் அல்லர். எங்கள் எதிர்வீட்டில் இரசாயனவியல் டியூஷன் நடந்தது. மாணவர்கள் விட்டுப்போகும் டியூட் என்ற பாடக்குறிப்புக் கடதாசிகளைத்தான் அவர் பொறுக்கி வந்து வெட்டக் கொடுத்தார். டிசம்பரில் நேர்சரிக் கூரையிலிருந்து தொங்கிய ஸ்னோ முழுக்கச் சமன்பாடுகள். சோதனைக்கு முதல்நாள் ஒரு பெரிய பெடியன் அண்ணாந்து நின்று ஸ்னோவை வாசித்துக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

பிறகு கையுறை. கையுறைக்கு சொக்ஸ் வேண்டும் என்று மிஸ் அறிவித்தார். கழுவிக் காயப்போட்டிருந்த என் சொக்ஸ் எல்லாம் எப்போது கீழே போனதோ தெரியாது. திங்கட்கிழமை காலை கந்தோருக்கு வெளிக்கிடும்போது ஒன்றுகூட இல்லை. நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் கிளாக். சொக்ஸ் இல்லாமல் சப்பாத்து போட்டுக்கொண்டு போனேன். அன்றைக்கென்று மனேஜர் கூப்பிட்டு இருக்கச் சொன்னார். இருந்தால் காற்சட்டை மேலே ஏறுமே. அவர் பேசிய ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை. காலை நாற்காலிக்குக் கீழே ஒளிப்பதிலேயே நேரம் போயிற்று. வீட்டுக்கு வந்து பார்த்தால், ஆறு பிள்ளைகள் என் சொக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு ஒழுங்கையில் போகிறவர்களுக்கெல்லாம் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மதுட அப்பா! உங்க சொக்ஸ்தான் நல்ல தடிப்பு. கனடாவுக்கே காணும்" என்று, பிள்ளைகள் போனபிறகு, மிஸ் மாடியைப் பார்த்துப் பாராட்டினார். மாடி மாடியாகத் தலைகள் எட்டிப் பார்த்தன.

மதுட அப்பா. அவர் என்னைக் கூப்பிட்டதெல்லாம் அப்படித்தான். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதை நான் இழக்கப் போகிறேன்.

இதெல்லாம் சில்லறை வெட்கம். மொத்த வெட்கம் இலவம்பஞ்சோடு வந்தது.

அந்த வருஷம் டிசம்பர் கொன்சேட்டுக்கு மிஸ் பெரிதாகத் திட்டம் போட்டிருந்தார். அதற்கு ஒரு சாக்குப் பஞ்சு தேவைப்பட்டது. கட்டடத்தில் இருந்த தலையணைகளில் பாதியை ஏற்கெனவே உருவிவிட்டார். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஒரு தலையணை என்ற நிலைமை. மிச்சப் பஞ்சைப் புறக்கோட்டையில் வாங்கி வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கட்டடத்தில் கண்ணில் படக்கூடிய ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். மற்ற வீடுகளின் ஆண்பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில்.

பஞ்சை வாங்கி அடைத்த சாக்கைத் தூக்கிக்கொண்டு, திரும்பி வர நூற்றியோராம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். காலி வீதியில் செக் பொயின்ட். எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்து, என் பெயரைப் பார்த்து, பிறகு சாக்கைப் பார்த்தார் பொலிஸ்காரர்.

"மே மொகத?" இது என்ன என்று கேட்டார்.

"புளுன், சேர்" என்றேன். பஞ்சு.

"புளுன் மொகடத?"

எதற்கென்று சொல்வது? தலையணைக்கு என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். பயத்தில் பொய் வரவில்லை. "ஹிம ஹதன்ன, சேர். பொடி ளமயிண்ட" என்றேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்னோ செய்வதற்கு, சேர்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மற்றப் பொலிஸ்காரரைக் கூப்பிட்டார். "மச்சங், மெங்க எண்ட! மெயா ஹிம ஹதனவலு!" இங்கே வா, இந்த ஆள் ஸ்னோ செய்கிறாராம். மற்றவர் வந்தார். இருவரும் ஆலோசித்தார்கள். கடைசியில் ஒருவர் சாக்கைப் பிரித்து முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். கடற்காற்று அதற்காகவே காத்திருந்ததுபோலும். பஞ்சு எழும்பியது. பொலிஸ்காரர், நான், வரிசையில் அட்டையோடு நின்ற சனம், பஸ், பக்கத்துத் தேத்தண்ணிக் கடையின் வடைத் தட்டு, எல்லாம் வெள்ளை. பொலிஸ்காரர் தும்மினார். தும்மித் தும்மியே கையால் போ போ என்று காட்டினார்.

நான் பாதிச் சாக்கோடு பஸ்ஸை நோக்கித் தலைகுனிந்து நடந்தேன். ஃபுட்போட்டில் தொங்கியபடி கொண்டக்டர் உரக்க வரவேற்றான்: "நகின்ன, நகின்ன, ஹிம மஹத்தயா!" ஏறுங்கள், ஸ்னோ ஐயா. பஸ் முழுக்கச் சிரித்தது. வெள்ளவத்தையில் இறங்கும்வரை நான் நிமிரவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கொண்டக்டரின் பஸ் வந்தால் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

மிஸ்ஸிடம் சாக்கைக் கொடுத்துவிட்டு, "மிஸ், இண்டைக்கு எனக்கு நடுரோட்டில மானம் போச்சுது" என்று முறையிட்டேன்.

அவர் சாக்கைக் கையால் நிறுத்துப் பார்த்தார். "மானம் போனா வந்திரும் மதுட அப்பா. பஞ்சு பாதி போயிருச்சே! பெரியவங்க நாம வெக்கப்பட்டா ஒண்ணும் கொறஞ்சி போறதில்ல. நமக்குப் பழக்கம்தானே. புள்ளைங்கதான் வெக்கப்படக்கூடாது."

அதை அவர் சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். சும்மா அல்ல என்பது ஒரு கிழமைக்குள் தெரிந்தது.

ஒருநாள் அரைநாள் லீவு கிடைத்தது. வழமையாக மதுவைக் கூட்டி வருவது என் மனைவிதான். அன்றைக்கு நான் கந்தோர்க் கோலத்திலேயே, வெறும் சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நேர்சரி வாசலில் போய் நின்றேன். கபிலன் என்று ஒரு சின்னவன், மதுவின் பக்கத்துக் கதிரையில் உட்காருகிறவன், ஓடிவந்து என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீங்கள் ஆர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மது பின்னாலிருந்து சொன்னாள்: "அது எங்கட மாமா. எங்கட அப்பா நோர்வேயில."

எனக்கு விளங்கச் சில நொடிகள் எடுத்தன. விளங்கியதும் காது சுட்டது. அந்த வகுப்பில் அப்பா என்றால் வெளிநாட்டில் இருக்கிறவர். ஞாயிற்றுக்கிழமையில் கொமியூனிகேஷன் கடைக்கு டெலிபோன் எடுப்பவர். சொக்லேட்டும் தொப்பி வைத்த கோட்டும் பார்சலில் அனுப்புபவர். கபிலன் கைக்குழந்தையாக இருந்தபோதே அவனுடைய அப்பா கனடாவுக்குப் போய்விட்டார். இருந்தாலும் வகுப்பில் அவன்தான் பெரிய ஆள். மதுவின் அப்பாவோ பின்னேரம் பஸ்ஸில் வருகிறவர். கொண்டு வருவது வெறும் சாப்பாட்டுப் பெட்டி. வீட்டில் இருக்கிற அப்பாவைப் பற்றி அந்தப் பிள்ளை என்னத்தை எழும்பி நின்று சொல்லும்? "உங்கட அப்பாவுக்கு விசா தரேல்லையோ?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். வகுப்பில் நோர்வேக்கு ஆள் இல்லாததால் அவள் என்னை அங்கே அனுப்பிவிட்டாள்.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். நாலு வயதுப் பிள்ளை இப்படிப் பொய் சொல்லலாமா என்று கண்டிப்பார் என எதிர்பார்த்தேன்.

"அப்ப சரி" என்றார் மிஸ். "மாமா, நாளைக்கி அந்த ஏணியக் கொஞ்சம் கொண்டாந்து தாங்க."

அன்றோடு போயிற்று என் பெயர். பிள்ளைகள் இருக்கும் நேரமெல்லாம் நான் மாமா. "மாமா, ஆணி அடிங்க." "மாமா, ஃபானக் கொறைங்க." கேட்டுக்கொண்டிருந்த தாய்மாருக்கும் குழப்பம். என் மனைவியின் வீட்டில் யாரோ தம்பி ஒருவன் வந்து நிற்கிறான் என்ற கதை கட்டடம் முழுக்கப் பரவி, மனைவி இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மிஸ்ஸைத் தனியே பிடித்துக் கேட்டேன். "மிஸ், நீங்களுமா? அவளுக்கு உண்மையைச் சொல்லிக் குடுக்க வேண்டாமோ?"

"என்னாத்த சொல்றது? எல்லாப் புள்ளைங்க முன்னுக்கும் நிக்க வச்சி, நீ பொய் சொன்னன்னு சொல்லவா? நாளைக்கி அது நேர்சரிக்கே வராது. போனது அதுவாத் திரும்பி வரணும். அதுவரைக்கும் நீங்க நோர்வேயில இருங்க."

சரி, இருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்லும் பிள்ளையைப் பெற்றதற்கான வெட்கம் அல்ல அது. பிள்ளை மறைக்கவேண்டிய ஆளாக இருக்கிறேனே என்ற வெட்கம். கந்தோரில் உட்கார்ந்து வேலை செய்யும்போதுகூட அது முதுகில் ஊர்ந்தது. எனக்கு எந்த நாட்டிலும் ஆள் கிடையாது. கூப்பிட ஆளில்லாததால்தான் இங்கே இருந்தேன். அதை ஒரு குறை என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

இப்போது மிஸ்ஸின் பெரிய திட்டத்தைச் சொல்லவேண்டும். கொன்சேட்டின் உச்சக்கட்டம் ஸ்னோமேன். எல்லா ஊரிலும் பிள்ளைகள் சேர்ந்து ஒரு ஸ்னோமேன் செய்வார்கள். மிஸ்ஸின் ஏற்பாட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஸ்னோமேன், அதுவும் அப்பாவாக. தலையணை உறைக்குள் பஞ்சு அடைத்துத் தலை. கண்ணுக்குச் சட்டைப் பொத்தான். மூக்குக்கு முதலில் கரட் குத்திப் பார்த்தார்கள், கொழும்பு வெக்கையில் அது மூன்றாம் நாளே நாறிவிட்டதால் செத்தல் மிளகாய். உடம்புக்கு, அப்பா விட்டுப்போன சேட். பிள்ளைகள் மேடையில் நிற்கவேண்டும், மிஸ் "பிளேன் வந்திருச்சி!" என்று கத்தவேண்டும், பிள்ளைகள் ஓடிப்போய் அவரவர் ஸ்னோ அப்பாவைக் கட்டிப்பிடிக்கவேண்டும். அதை வீடியோ பிடித்து எல்லா நாட்டுக்கும் கசட் அனுப்புவது.

"அங்க ஏயார்போட்டுல எறங்கின ஒடனே அப்பாவப் பாத்துப் பயந்து அம்மா பின்னுக்கு ஒளியக்கூடாது. பழகிக்கட்டும்" என்றார் மிஸ்.

அன்று பின்னேரம் மது என்னிடம் வந்து, கதவில் சாய்ந்து நின்று கேட்டாள்: "அப்பா, உங்கட சேட் ஒண்டு தாங்கோ."

"ஆருக்கு?"

"எங்கட அப்பாவுக்கு."

நல்ல நீலச் சேட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். கல்யாண வருஷத்துச் சேட். அந்த ஸ்னோமேனுக்கு அது எனக்கு இருந்ததைவிட நன்றாக இருந்தது.

கொன்சேட் அன்று நேர்சரிக்குள் காற்று நுழைய வழியில்லை. வீடியோக்காரரின் விளக்குகள் ஒருபக்கம் கொதித்தன, பஞ்சு பறக்கும் என்று ஃபானை நிறுத்தியிருந்தது மறுபக்கம். நீள இருக்கை வாங்குகளைச் சேர்த்துப் போட்ட மேடையில் ஸ்னோ அப்பாமார் கதிரைகளில் வரிசையாக இருந்தார்கள். கடைசிக் கதிரையில் என் நீலச் சேட். நான் சபையில் பின்வரிசையில் மாமாவாக இருந்தேன். பக்கத்தில் மனைவி. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"பிளேன் வந்திருச்சி!"

பிள்ளைகள் ஓடின. முதலில் போய்ச் சேர்ந்தவன் கபிலன். கட்டிப்பிடித்தான். எல்லோரும் கை தட்டினோம். ஆனால் ஒத்திகையில் இல்லாத ஒன்றை அவன் செய்தான். இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நின்று, "அப்பா, தூக்குங்கோ" என்றான்.

ஸ்னோ அப்பா தூக்கவில்லை. கபிலன் சேட்டின் கையைப் பிடித்து இழுத்தான். "தூக்குங்கோவன்!" இன்னும் பலமாக இழுத்தான். ஸ்னோ அப்பா கதிரையிலிருந்து முகங்குப்புற விழுந்து, தலை பிரிந்து, பஞ்சு மேடை முழுக்கப் பரந்தது. கபிலன் வாய்விட்டு அழத் தொடங்கினான். அதைக் கண்டு மற்றப் பிள்ளைகள் தங்கள் அப்பாமாரைச் சந்தேகத்தோடு பார்த்தன. ஒன்று அழுதது. இன்னொன்று அழுதது. கபிலனின் தாய் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. இந்த அழுகைதான் கனடாவுக்குப் போகப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். முதன்முறையாக அவருடைய முகத்தில் வெட்கத்தைக் கண்டேன். மேடையின் ஓரத்தில், தலையில் சுற்றிய சால்வையோடு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். என்னை அவர் எத்தனை தரம் நாணவைத்தாலும், அவர் நாணி நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அவருடைய கண் என்மேல் விழுந்தது.

"மாமா! மேல ஏறுங்க!"

ஏறினேன். ஏறாமல் இருந்து பழக்கமில்லை. மிஸ் கடைசிக் கதிரைக்குப் போனார். ஏன் கடைசிக் கதிரைக்குப் போனார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. ஸ்னோமேனின் நீலச் சேட்டைக் கழற்றி என் சேட்டுக்கு மேலேயே மாட்டினார். தலையைப் பிய்த்து, பஞ்சை உதறிக் கொட்டிவிட்டு, தலையணை உறையை என் தலையில் கவிழ்த்தார். பொத்தான் கண்ணில் ஓட்டை ஏது? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. செத்தல் மிளகாயின் காம்பு உட்பக்கம் என் கன்னத்தில் குத்தியது.

"இந்தா பாருங்க! இந்த ஸ்னோமேன் எழும்பிருச்சி! இது தூக்கும்!"

இருட்டில் கைகளை நீட்டிக்கொண்டு நின்றேன். பிறகு விம்மிக்கொண்டே ஏதோ ஒன்று என் கைக்குள் வந்தது. தூக்கினேன். கபிலனாகத்தான் இருக்கவேண்டும். விம்மல் நின்று, சின்னச் சிரிப்பு ஒன்று கேட்டது. அவனை இறக்கியதும் இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகு வரிசை. கை வைத்த இடமெல்லாம் பிள்ளை. தலைக்கு மேலே தூக்கினால் கூரையில் தொங்கும் கடதாசி ஸ்னோவைத் தொடலாம் என்று ஒன்று கண்டுபிடித்துவிட்டது. அதன்பிறகு எல்லோருக்கும் தொடவேண்டும். வேர்வை ஆறாக ஓடியது. முதுகுக்குக் கீழே நாரி விட்டுப்போயிற்று. தூக்கிய பிள்ளைகளே திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று விளங்கினாலும் கைகளை மடக்க மனம் வரவில்லை. இதுகளைத் தூக்கவேண்டியவர்கள் எங்கெங்கோ குளிருக்குள் நிற்கிறார்கள். இங்கே இருக்கிறவனுக்குக் கொஞ்சம் நாரி நொந்தால் என்ன?

மது வந்தாளா என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் இதுவாக இருக்குமோ என்று நினைத்தேன். எதுவும் அவளாகத் தோன்றவில்லை.

அப்போதுதான் என் முழங்காலடியில் ஒரு கோபக் குரல் கேட்டது.

"காணும்! எல்லாரும் இறங்குங்கோ! அவருக்கு நாரி நோகும். இது எங்கட அப்பா!"

கபிலன் கேட்டான்: "உங்கட அப்பா நோர்வேயில எல்லோ?"

நான் உறைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். மனைவியும் பின்வரிசையில் அப்படித்தான் இருந்திருப்பாள்.

மது கொஞ்சமும் யோசிக்கவில்லை. என் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வந்திட்டார்."

குனிந்து தூக்கினேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சபை கை தட்டியது. நான் அழுதேன். கந்தோர் கிளாக் ஒருவன், தலையில் தலையணை உறையோடு, மேடையில், வீடியோ விளக்கின் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன். வெளிச்சம் மட்டும் உறைக்குள் மங்கலாகத் தெரிந்தது. இப்போது இதைக் கழற்றினால் கனடா, லண்டன், சுவிஸ் எல்லாம் என் முகத்தைப் பார்க்கும் என்று நினைத்தேன். அதற்குள் யாரோ, கபிலனின் தாயாகத்தான் இருக்கும், "பாவம், உறையைக் கழட்டி விடுங்கோ, வேர்க்கும்" என்று சொல்லி உறையின் நுனியைப் பிடிப்பதை உணர்ந்தேன்.

உடனே ஒரு தடித்த கை அந்தக் கையைத் தட்டிவிட்டது. என் தோளைப் பிடித்து மேடையிலிருந்து மெல்ல இறக்கி, சனத்துக்குள்ளால் நடத்திக்கொண்டுபோய், நேர்சரியின் பின்பக்கம் தண்ணீர்க் குழாயடியில் நிறுத்தியது. மது இன்னும் என் கழுத்தில்தான் இருந்தாள்.

"மதுட அப்பா" என்றார் ஸ்னோ மிஸ். இவ்வளவு மெல்ல அவர் பேசி நான் கேட்டதில்லை. "இப்பக் கழட்டாதீங்க. ஆறுதலாக் கழட்டுங்க. நா வாசல்ல நிக்கிறேன், யாரையும் விடமாட்டேன். யாரும் கண்ணப் பாத்துக் கேட்டா, மொளகா பட்டிருச்சின்னு சொல்லுங்க."

என் ஆயுளில் அவர் என்னை வெட்கப்படாமல் காப்பாற்றியது அந்த ஒருமுறைதான். மிச்சமெல்லாவற்றுக்கும் எனக்கு அது போதும்.